அக்காவுக்கு எம்.எஸ்.: 'மைக்ரோஆர்என்ஏ மூக்குச் சொட்டு' போடலாமா?

நெல்லைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்காவுக்கு வயது 36. தொடக்கப் பள்ளியில் டீச்சர். 2021 கடைசியில் ஒருநாள் ராத்திரி நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவள், "இந்தச் சிவப்புப் பேனா ஏன்டி செங்கல்பொடி மாதிரி எழுதுது?" என்று கேட்டாள். நான் வாங்கிக் கிறுக்கிப் பார்த்தேன், பேனா நன்றாகத்தான் எழுதியது. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் அவளுக்குச் சிவப்பு வெளிறிப்போய்த் தெரிந்தது. இடது கண்ணை மூடிக்கொண்டால் சரியாகத் தெரிந்தது. கண்ணை உருட்டினால் வலி வேறு. கண் டாக்டர் பார்த்துவிட்டு நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். எம்ஆர்ஐ படத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்த பிறகு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்று உறுதியாகச் சொன்னார்கள். நோயெதிர்ப்புச் செல்களே மூளையைத் தாக்கி அழற்சி உண்டாக்குகிற நோய் என்று விளக்கினார்கள்.

ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப்ஸ் ஏற்றியதில் பார்வை பெரும்பாலும் திரும்பிவிட்டது. அடுத்த வருடம் வலது கால் மரத்துப்போனது. அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து ஏற்றுகிறோம். கடைசி இரண்டு எம்ஆர்ஐயிலும் புதுப் புள்ளி இல்லை. ஆனாலும் அசதி அவளை விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சேலைகூட மாற்றாமல் படுத்துவிடுகிறாள்.

இப்போது அத்தானுக்கு யாரோ ஒரு கிளினிக்கின் விளம்பரத்தை அனுப்பியிருக்கிறார்கள். 'மிர்-124 நிறைந்த எக்ஸோசோம் மூக்குச் சொட்டு', 'மூளை அழற்சியை மரபணு அளவிலேயே அணைக்கும்', 'நோபல் பரிசு பெற்ற தொழில்நுட்பம்' என்று போட்டிருக்கிறது. ஆறு தடவை போட வேண்டும், மொத்தம் நாலு லட்சத்து எண்பதாயிரம். அதற்கு முன்னால் 'மைக்ரோஆர்என்ஏ ரத்தப் பரிசோதனை' ஒன்று, அது தனியாக பதினெட்டாயிரம். போனில் பேசிய ஆள், சொட்டு வேலை செய்ய வேண்டுமென்றால் ரிட்டுக்ஸிமாப்பை நிறுத்தியாக வேண்டும் என்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். அம்மா வளையலைக் கழற்றித் தயாராக வைத்திருக்கிறாள்.

நான் பி.காம். இந்த மைக்ரோஆர்என்ஏ என்பது உண்மையா, ஏமாற்றா? தெரிந்தவர்கள் யாராவது எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.


ஆய்வகத்து மீனா எழுதியது:

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். முன்பணம் கட்டாதீர்கள். ரிட்டுக்ஸிமாப் தேதியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

நான் டாக்டர் இல்லை. மூளையின் அழற்சியை ஆராயும் ஆய்வகம் ஒன்றில் ஏழு வருடம் வேலை செய்தேன். இப்போது திருச்சியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். அந்த ஏழு வருடமும் மைக்ரோக்ளியா என்ற செல்லும் மைக்ரோஆர்என்ஏவும்தான் எனக்குச் சோறு போட்டன. அதனால் அந்த விளம்பரத்தைப் பற்றிப் படித்ததும் வயிறு எரிந்தது. மைக்ரோஆர்என்ஏ முழுக்க உண்மை. அதை வைத்து உங்களிடம் விற்கிற சரக்குதான் பொய்.

மைக்ரோக்ளியா என்பது மூளைக்குள் குடியிருக்கும் காவல் செல். பிறந்து ஒன்றிரண்டு நாளான எலிக்குட்டியின் மூளையிலிருந்து செல்களைப் பிரித்து பிளாஸ்கில் இரண்டு வாரம் வளர்ப்போம். அடியில் ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற வேறு வகை மூளைச் செல்கள் பாய் விரித்த மாதிரி படர்ந்திருக்கும். அதன் மேல் மைக்ரோக்ளியா பொட்டுப் பொட்டாக மினுங்கிக்கொண்டு லேசாக ஒட்டியிருக்கும். பிளாஸ்கை ஆட்டும் இயந்திரத்தில் வைத்தால் புளியமரத்தை உலுக்கின மாதிரி அவை மட்டும் உதிரும். அவற்றை அள்ளித் தட்டில் போட்டு, பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் எல்பிஎஸ் என்ற பொருளை ஒரு துளி விட்டால் போதும். சில மணி நேரத்தில் கிளைகளை உள்ளிழுத்துக்கொண்டு உருண்டு தடித்துவிடும். சுற்றி இருப்பவற்றைத் தாக்கும் ரசாயனங்களைக் கக்க ஆரம்பிக்கும். மைக்ராஸ்கோப்பில் முதல் தடவை இதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மனுஷியின் மூளைக்குள் இது நடந்தால் என்ன ஆகும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, மைக்ரோஆர்என்ஏவுக்கு வருகிறேன். ஜீனில் எழுதியிருப்பதை நகலெடுத்துப் புரதம் செய்யும் இடத்துக்குக் கொண்டு போவது தூது ஆர்என்ஏ. மைக்ரோஆர்என்ஏ ஏறக்குறைய 22 எழுத்து நீளமுள்ள ஒரு துணுக்கு. அது ஆர்கோநாட் என்ற புரதத்தில் உட்கார்ந்துகொண்டு, தன் முன்பகுதியில் உள்ள ஏழெட்டு எழுத்துகள் எந்தத் தூது ஆர்என்ஏவின் வால்பகுதியோடு பொருந்துகிறதோ அதைப் பிடித்து அடக்கும். புரதம் முழுசாக நின்றுவிடாது, குறையும், அதுவும் பெரும்பாலும் பாதிக்கும் குறைவாகத்தான். உங்கள் ஊர்ப் பக்கம் வாய்க்கால் மடையில் பலகை சொருகித் தண்ணீரை மட்டுப்படுத்துவார்கள் அல்லவா, அந்த வேலைதான். ஒரே துணுக்கு நூற்றுக்கணக்கான மடைகளில் பலகை போடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூளை அழற்சியில் மூன்று மைக்ரோஆர்என்ஏக்களை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். பெயரில் வரும் 'மிர்' என்பது மைக்ரோஆர்என்ஏவின் சுருக்கம்.

மிர்-155. மைக்ரோக்ளியாவை உசுப்பினால் முதலில் எகிறுவது இதுதான். அழற்சியைத் தணிக்கும் சாக்ஸ்-1, ஷிப்-1 என்ற புரதங்களின் மடையில் போய் இது பலகை போடும். தணிப்பவரை அடக்கினால் நெருப்பு ஏறத்தானே செய்யும். எம்.எஸ். நோயாளிகள் இறந்த பின் அவர்களுடைய மூளைப் புண்களை எடுத்து 2009இல் பார்த்தபோது, அழற்சி இன்னும் கனன்றுகொண்டிருந்த புண்களில் 155 அதிகமாக இருந்தது. அது சிடி47 என்ற புரதத்தையும் குறைக்கிறது. மூளைச் செல்கள் 'என்னைத் தின்னாதே' என்று விழுங்கும் செல்களுக்குக் காட்டும் அடையாளம்தான் சிடி47. அது குறைந்தால் நரம்பைச் சுற்றியுள்ள மையலின் உறை விழுங்கப்படும். அக்காவுக்குச் சிவப்பு வெளிறினது பார்வை நரம்பில் அந்த உறை பழுதானதால்தான். (எம்.எஸ்.ஸை இத்தனை நாள் படித்திருந்தும் உங்கள் செங்கல்பொடி வரியைப் போல அதை எனக்குக் கண்ணில் காட்டினது எதுவும் இல்லை.)

மிர்-146ஏ. இதையும் அதே உசுப்பல்தான் கிளப்புகிறது. என்எஃப்-கப்பா பி என்ற ஒரே சாவிதான் 155ஐயும் திறக்கிறது, 146ஏயையும் திறக்கிறது. ஆனால் 146ஏ போய் அடக்குவது டிராஃப்-6, ஐராக்-1 என்ற புரதங்களை. அழற்சிச் செய்தியை உள்ளே கடத்துபவையே அவைதான். அதாவது நெருப்பு தன்னைத் தானே தணிக்க ஆள் அனுப்புகிறது. 155 சீக்கிரம் ஏறும், 146ஏ மெதுவாக ஏறும். ஆறு மணி நேரத் தட்டையும் இருபத்துநாலு மணி நேரத் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தால் இது அப்படியே தெரியும். டேவிட் பால்டிமோரின் ஆய்வகம் 146ஏவின் இந்த வேலையை 2006இல் சொன்னது.

மூன்றாவது, விளம்பரத்தில் வந்த மிர்-124. மூளையில் மிக அதிகமாக இருக்கும் மைக்ரோஆர்என்ஏக்களில் ஒன்று. மைக்ரோக்ளியா சும்மா இருக்கும்போது அதில் 124 நிறைய இருக்கிறது, அழற்சியில் குறைகிறது. எம்.எஸ். போன்ற நோயை உண்டாக்கிய எலிகளுக்கு 124ஐ ஊசியில் கொடுத்தபோது நோய் நன்றாக அடங்கியது. இது 2011இல் வந்தது, நல்ல ஆய்வு. விளம்பரம் எழுதியவர் இதைப் படித்திருக்கிறார். ஆனால் அது எலியில். அதற்குப் பின் இத்தனை வருடங்களில் எம்.எஸ்.ஸுக்கு என்றல்ல, எந்த நோய்க்குமே ஒரு மைக்ரோஆர்என்ஏ மருந்து அனுமதி வாங்கியதில்லை. மிர்-34ஏ என்ற இன்னொன்றைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையை 2016இல் பாதியில் நிறுத்தினார்கள். நோயெதிர்ப்பு முறுக்கிக்கொண்டு கடுமையான விளைவுகள் வந்ததுதான் காரணம்.

நோபல் விஷயம். 2024இல் விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் கொடுத்தார்கள். ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் லின்-4 என்ற முதல் மைக்ரோஆர்என்ஏவையும் அது எப்படி வேலை செய்கிறது என்பதையும் 1993இல் கண்டதற்காக. மூக்குச் சொட்டுக்கு அல்ல. அந்த வரியை விளம்பரத்தில் போட்டதே போதும், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துகொள்ள.

கடைசியாக ஒன்று. இது கொஞ்சம் பயமுறுத்தும், ஆனால் சொல்லியாக வேண்டும். மைக்ரோஆர்என்ஏ செல்லுக்கு உள்ளே ஒரு வேலை செய்கிறது, வெளியே கிடந்தால் வேறு வேலை செய்யலாம். லெட்-7பி என்று ஒன்று. 2012இல் பெர்லினில் ஒரு குழு அதை எலிகளின் மூளைத் தண்டுவட நீரில் செலுத்திப் பார்த்தது. நரம்புச் செல்கள் அழிந்தன. வைரஸின் ஆர்என்ஏவை மோப்பம் பிடிக்கும் டிஎல்ஆர்-7 என்ற ஏற்பி, இதையும் எதிரி என்று எடுத்துக்கொண்டது. எக்ஸோசோம் என்பது செல்கள் வெளியே விடும் மிகச் சின்னப் பை. எந்தச் செல்லிலிருந்து எடுத்தார்களோ அதில் இருந்த பல வகை ஆர்என்ஏயும் புரதமும் அந்தப் பையில் கலந்து கிடக்கும். அந்த பாட்டிலில் 124 மட்டும்தான் இருக்கிறது என்று யார் அளந்து பார்த்தார்கள்?


வார்டு சிஸ்டர் எழுதியது:

மீனா மேடம் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். நான் நரம்பியல் வார்டில் பன்னிரண்டு வருடமாக இருக்கும் நர்ஸ். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்ம்மா.

புது வைத்தியம் என்று யார் சொன்னாலும் "சிடிஆர்ஐ நம்பர் என்ன?" என்று கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்யும் அரசுப் பதிவேடு அது. நம்பர் கொடுத்தால் நீங்களே இணையத்தில் போட்டுப் பார்க்கலாம். உண்மையான சோதனை என்றால் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. நாலு லட்சத்து எண்பதாயிரம் கேட்கிறார்கள் என்றால் அது சோதனையும் இல்லை, அனுமதி வாங்கின மருந்தும் இல்லை. எக்ஸோசோம் எதற்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019 டிசம்பரில் பொது எச்சரிக்கையே விட்டது.

இன்னொன்று. ஏற்றுகிற மருந்தை நிறுத்திவிட்டு வேறு எதையோ தேடிப் போய், ஆறேழு மாதம் கழித்து ஸ்ட்ரெச்சரில் திரும்பி வந்தவர்களை நான் என் கையால் கட்டிலுக்கு மாற்றியிருக்கிறேன். ஒரு பையன், கல்யாணப் பத்திரிகை கொடுக்க நடந்து வந்தவன், அடுத்த தடவை சிறுநீர்க் குழாயோடு வந்தான். அக்காவுக்குப் புதுப் புள்ளி இல்லை என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அசதி வேறு விஷயம். தைராய்டு, ரத்தசோகை, தூக்கம், மனச்சோர்வு எல்லாம் பார்த்தீர்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். வெயிலும் இந்த நோய்க்காரர்களைப் படுத்தும். மதியத்துக்குப் பிறகு கடினமான வேலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.


பயோடெக் ஹரி எழுதியது:

மீனா மேடம், நான் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. ஒரு சந்தேகம். 155 கெட்டது என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பற்றி 2014இல் வந்த இரண்டு இந்திய ஆய்வுகளை செமினாருக்காகப் படித்தேன். ஒன்றில் 155 அழற்சியைக் கூட்டுகிறது என்கிறார்கள், இன்னொன்றில் 155 வைரஸ் பெருகுவதையும் அழற்சி எதிர்வினையையும் குறைக்கிறது என்கிறார்கள். இரண்டும் மைக்ரோக்ளியாவில்தான். எது சரி?


நெல்லைக்காரி எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. மீனா அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். 'தின்னாதே' என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி இரண்டாம் தடவை கேட்டாள்.

அத்தான் ஒன்று கேட்கிறார், நியாயமாகத்தான் படுகிறது: "155தான் நெருப்பை ஏற்றுது என்றால் அதை மட்டும் அணைத்துவிட வேண்டியதுதானே? சொட்டு பொய்யென்றே வைத்துக்கொள்வோம், அந்த ரத்தப் பரிசோதனையையாவது எடுத்துப் பார்க்கலாமே, நெருப்பு எவ்வளவு இருக்கிறது என்று தெரியுமில்லையா?"


ஆய்வகத்து மீனா எழுதியது:

ஹரி, நல்ல கேள்வி. அத்தானின் கேள்விக்கும் அதில்தான் பதில் இருக்கிறது, சேர்த்தே சொல்கிறேன்.

அந்த இரண்டு ஆய்வையும் எனக்குத் தெரியும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலை இந்தியாவில் முதலில் அடையாளம் கண்டதே நம் வேலூரில், 1955இல். நெல்வயல் தண்ணீரில் வளரும் க்யூலெக்ஸ் கொசு கொண்டு வருகிற வைரஸ் அது. நான் சேர்ந்த புதிதில் எங்கள் ஆய்வகமும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மனேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்துக் குழு எலியின் பிவி-2 என்ற மைக்ரோக்ளியா செல்களிலும் எலி மூளையிலும் பார்த்தது. 155 ஷிப்-1ஐ அடக்குகிறது, 155ஐத் தடுத்தால் அழற்சி குறைகிறது என்றது. இன்னொரு குழு மனித மைக்ரோக்ளியா செல்களில் 155ஐக் கூட்டிப் பார்த்தது. அதில் வைரஸும் குறைந்தது, எதிர்வினையும் தணிந்தது. எங்கள் வாராந்திரக் கூட்டத்தில் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் சண்டை போட்டோம். டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.

நான் அன்றைக்கு எடுத்த முடிவு இதுதான், இன்றும் மாறவில்லை: இரண்டும் சரியாக இருக்கலாம். 155க்கு நூற்றுக்கணக்கான மடைகள் என்று சொன்னேனே. எந்தச் செல்லில், எந்த நேரத்தில், எந்த மடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறதோ அதில் பலகை விழும். எலிச் செல்லில் ஓடுவது மனிதச் செல்லில் ஓடாமல் இருக்கலாம். உள்ளதைத் தடுப்பதும் அளவுக்கு மீறித் திணிப்பதும் ஒன்றுக்கொன்று நேர் எதிர் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. எந்தக் கட்டுரையிலும் 'மிர்-155 அழற்சியைக் கூட்டும்' என்ற வரி வந்தால், பென்சிலை எடுத்து ஓரத்தில் 'எந்தச் செல்? எத்தனை மணி நேரம்?' என்று எழுது, ஹரி. நான் என் மாணவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். நெல்லைக்காரிக்கு நான் முதலில் எழுதினதிலும் அந்தக் கேள்வி இருந்திருக்க வேண்டும். சுருக்கிச் சொல்லப் போய் 155ஐ வில்லன் ஆக்கிவிட்டேன்.

இப்போது அத்தானுக்கு. 155ஐ மட்டும் அணைத்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறார்கள். 155 இல்லாமலே பிறக்கிற எலிகளை உருவாக்கினார்கள். அவற்றுக்கு எம்.எஸ். போன்ற நோயை வரவழைக்கப் பார்த்தால் அவை நன்றாகத் தாக்குப்பிடித்தன. 2010இல் இதைப் படித்து எல்லாருக்கும் நம்பிக்கை வந்தது, எனக்கும்தான். ஆனால் அதே வகை எலிகளுக்கு சால்மோனெல்லா கிருமிக்குத் தடுப்பூசி போட்டால் அது பிடிக்கவில்லை, கிருமி வந்ததும் நோய்ப்பட்டன. இது 2007லேயே வெளியானது. 155 இல்லையென்றால் உடம்பு சண்டைக்குச் சரியாகத் தயாராவதில்லை. சரி, தணிப்பவனான 146ஏவை எடுத்துவிட்டால்? அந்த எலிகளுக்கு வயதானதும் மண்ணீரல் வீங்கி, உடம்பு தன்னைத் தானே தாக்க ஆரம்பித்து, கட்டிகளும் வந்தன. ஆக, ஒன்றை ஒழித்து ஒன்றை ஊற்றுகிற விஷயமே இல்லை இது. மைக்ரோக்ளியாவுக்குள் மட்டும், தேவையான நேரத்தில் மட்டும், கொஞ்சமாக 155ஐக் குறைக்க ஒரு வழி வேண்டும். அதற்குத்தான் பல நாடுகளில் பாடுபடுகிறார்கள். வரும் என்று நான் நம்புகிறேன். 124ஐ உடம்பிலேயே கூட்டுகிற ஒபெஃபாசிமோட் என்ற மாத்திரை பெருங்குடல் அழற்சிக்குப் பெரிய மனிதச் சோதனைகள் வரை போயிருக்கிறது. அது குடலுக்கு, மூளைக்கு இல்லை. ஆனால் பாதை என்றால் இப்படித்தான் இருக்கும்: பதிவு, சோதனை, வெளியிட்ட முடிவு.

ரத்தப் பரிசோதனை. இதில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

ஒருமுறை மருத்துவமனையிலிருந்து எங்களுக்கு நாற்பது ட்யூப் வந்தது. பாதி நோயாளிகள், பாதி ஆரோக்கியமானவர்கள். ரத்தத்தை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால் மேலே தெளிந்து நிற்கிற பிளாஸ்மா இளமஞ்சளாக, வடித்த நல்லெண்ணெய் நிறத்தில் இருக்க வேண்டும். இருபத்திரண்டு ட்யூபில் அப்படி இருந்தது. மீதியில் ரோஜாப்பூ நிறம். மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தார்களோ, ட்யூபைக் குலுக்கினார்களோ, ஆட்டோவில் வெயிலில் வந்ததோ, சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன. சிவப்பணுவுக்குள் மிர்-451, மிர்-16 எல்லாம் ஏராளம். அவை பிளாஸ்மாவில் கொட்டினால் அளவு தாறுமாறாகிவிடும். அளந்ததும் எங்களுக்கு 'நோயாளிகளில் அதிகம்' என்று அழகான முடிவு வந்தது. எங்கள் பேராசிரியர் ட்யூப்களை ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக நிறுத்தி, எழுந்து வந்து பார்க்கச் சொன்னார். ரோஜா நிறமெல்லாம் ஒரே வார்டிலிருந்து வந்தவை. நோயாளிகள் பக்கம். ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை எங்கள் ஆய்வகத்திலேயே நிதானமாக எடுத்திருந்தோம். நாங்கள் அளந்தது நோயை அல்ல, ஊசி போட்ட விதத்தை. நாலு மாத வேலை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து எடுத்தோம்.

இது போக, 155 சளி பிடித்தாலும் ஏறும், ஸ்டீராய்டு போட்டால் இறங்கும். ரத்தத்தில் மிதப்பது மூளையிலிருந்து வந்ததா, மண்ணீரலிலிருந்து வந்ததா என்று அதன் மேல் எழுதியிருக்காது. எம்.எஸ். எவ்வளவு கனன்றுகொண்டிருக்கிறது என்று சொல்லும் ஒரு மைக்ரோஆர்என்ஏ எண், டாக்டர் நம்பி மருந்தை மாற்றுகிற அளவுக்கு, இன்றைக்கு இல்லை. அக்காவுடைய எம்ஆர்ஐ சொல்கிறது. அந்தப் பதினெட்டாயிரத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.


நெல்லைக்காரி எழுதியது:

நேற்று கிளினிக்குக்கு அத்தானே போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார். சிடிஆர்ஐ நம்பர் கேட்டதற்கு "அது மருந்துக் கம்பெனிக்குத்தான் சார், எங்களுக்குத் தேவையில்லை" என்றார்கள். எந்தச் செல்லிலிருந்து எடுத்தது என்றதற்கு "அது கம்பெனி ரகசியம்" என்றார்கள். ரத்தம் எடுத்து எத்தனை மணி நேரத்தில் பிரிப்பீர்கள் என்று கேட்டார் (இது நான் எழுதிக் கொடுத்தது). கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "முன்பணத்தில் பத்து சதவீதம் குறைக்கிறோம்" என்றார்கள். அத்தான் போனை வைத்துவிட்டார். அம்மா வளையலைத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

ரிட்டுக்ஸிமாப் 19ஆம் தேதி. அசதிக்கு ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.6. டாக்டர் இரும்புச் சத்து எழுதிக் கொடுத்திருக்கிறார். சிஸ்டர், உங்களுக்குத் தனியாக நன்றி.

இதற்கு மேல் அக்கா எழுதுகிறாள், போனைப் பிடுங்கிவிட்டாள்.

நான்தான் அந்த அக்கா. எல்லாவற்றையும் படித்தேன். மீனா, என் தங்கை அழுதுகொண்டே படித்தாள், எனக்கு அழுகை வரவில்லை, கேள்விதான் வந்தது. 2021இல் என் முதுகிலிருந்து எடுத்த நீரில் பரிசோதனை போக மீதி இருந்திருக்கும் அல்லவா? அதை என்ன செய்திருப்பார்கள்? நீங்கள் சொல்கிற 155ஐயும் 124ஐயும் உண்மையாக ஆராய்கிறவர்களுக்கு என் ரத்தம் தேவைப்படுமா? கொடுக்க எனக்குச் சம்மதம். யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும்?


ஆய்வகத்து மீனா எழுதியது:

டீச்சர், வணக்கம். மீதி இருந்த நீரைப் பெரும்பாலும் கொட்டியிருப்பார்கள். சில பெரிய மருத்துவமனைகளில் நோயாளி கையெழுத்துப் போட்டால் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் சேமித்து வைப்பார்கள்.

19ஆம் தேதி போகும்போது உங்கள் நரம்பியல் டாக்டரிடமே கேளுங்கள்: இங்கே எம்.எஸ். நோயாளிகளுக்கு ஆராய்ச்சிப் பதிவேடோ மாதிரிச் சேமிப்போ இருக்கிறதா, அதில் நான் சேரலாமா என்று. இருந்தால் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் அதில் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று எழுதியிருக்க வேண்டும். உங்களிடம் ஒரு ரூபாய் கேட்கக் கூடாது. உங்கள் மருத்துவமனையில் அப்படி எதுவும் இல்லையென்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், பழைய நண்பர்களிடம் விசாரித்துச் சொல்கிறேன்.

ரத்தம் மருந்து ஏற்றுவதற்கு முன்னால் எடுக்கச் சொல்லுங்கள், ஏற்றிய பிறகு வேண்டாம். ஹீமோகுளோபின் 8.6 என்கிறீர்கள். அது ஏறும் வரை ஆராய்ச்சிக்குக் கொடுக்க அவசரப்பட வேண்டாம், அடுத்த ஆறு மாதத் தேதியில் கொடுத்தாலும் போதும். எடுக்கும்போது மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள், ட்யூபைக் குலுக்க வேண்டாம், மெல்லத் தலைகீழாகத் திருப்பினால் போதும் என்று சொல்லுங்கள். நீங்கள் டீச்சர், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.